மண்ணிடம் கேட்டாயிற்று

இயற்கை தோன்றிப் பல கோடி ஆண்டுகள் ஆகிவிட்டன என்று விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அத்தனை காலமும் அது கேட்பாரற்று வெட்டவெளியில்தான் கிடந்தது. தலைக்கு மேல் ஒரு கூரை, உடம்புக்கு இதமாக ஏசி, சுற்றிலும் ஒரு வெல்வெட் கயிறு, பக்கத்தில் ஒரு விளக்கக் குறிப்பு என்று அதற்கு ஒரு மரியாதையான வாழ்க்கை அமைந்தது எங்கள் கலைக்கூடத்துக்குள் வந்த பிறகுதான்.

அந்த விளக்கக் குறிப்புகளை எழுதுகிறவன் நான். படைப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்ன அட்டை ஒட்டியிருக்குமே, படைப்பைப் பார்ப்பதைவிட அதிக நேரம் ஜனங்கள் அதன் முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்களே, அது என் கைங்கரியம். ஒரு கல்லை வைத்து அதன் பக்கத்தில் 'கல்' என்று எழுதினால் தடுக்கி விழுந்தவர் வழக்குப் போடுவார். 'கல்லின் காத்திருப்பு' என்று எழுதினால் தடுக்கி விழுந்தவர் மன்னிப்புக் கேட்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் கடக்க வைப்பதுதான் என் வேலை.

இந்தத் துறையில் நான் கண்ட மகத்தான கலைஞர் 'வேர்' அவர்கள். அது அவர் தமக்குத் தாமே சூட்டிக்கொண்ட பெயர். அதற்கு முன்னால் அவர் பிளாஸ்டிக் புல்விரிப்பு விற்றுக்கொண்டிருந்தார். ஒருநாள் வாடிக்கையாளர் வீட்டு வாசலில் நிற்கும்போது காய்ந்த இலை ஒன்று அவர் தலையில் விழுந்ததாம். இயற்கை தன்னைத் தொட்டு அழைத்ததை அந்தக் கணமே உணர்ந்தாராம். வியாபாரம் அந்த மாதத்தோடு படுத்துவிட்டது என்பது தற்செயல். அந்த இலை இன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. விரலால் தொட்டவர்களைக் காவலாளி வெளியே அனுப்பிவிடுவார்.

அன்றிலிருந்து அவர் 'நான்' என்ற சொல்லைத் துறந்தார். 'இந்த உடல்' என்றுதான் சொல்வார். "இந்த உடலுக்கு ஒரு காபி சொல்லுங்க." "இந்த உடல் பின் சீட்டுல உக்காந்தா வாந்தி எடுக்கும்." செருப்பையும் துறந்தார். பூமியோடு தோலுக்குத் தொடர்பு இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்தத் தொடர்பு கலைக்கூடத்தின் வாசல் படியில் ஆரம்பித்துப் பளிங்குத் தரை முடியும்வரை இருக்கும். அதற்கு அப்பால் கார் நிற்கும், காருக்குள் செருப்பு இருக்கும். ஏசி நின்றுவிட்டால் மட்டும் கொஞ்சம் சிரமம். வேருக்கு வேர்த்துவிடும்.

அவர் கற்களோடும் மரங்களோடும் பேசுவார். எதையும் அனுமதி கேட்காமல் எடுக்கமாட்டார். ஒருமுறை ஆற்றங்கரையில் ஒரு பெரிய மரத்தை வெட்டிக் கொண்டுவருவதற்கு முன்னால் அதைக் கட்டிப்பிடித்து வெகுநேரம் அனுமதி கேட்டார்.

"மரம் என்ன சொல்லுச்சு?" என்று பயபக்தியோடு கேட்டேன்.

"மறுக்கலை" என்றார்.

இவ்வளவு பண்புள்ள மனிதரை எங்கள் ஆண்டுக் கண்காட்சிக்கு அழைக்காமல் வேறு யாரை அழைப்பது? 'இயற்கை, ஆன்மா, பண்பாடு' என்பது அந்த ஆண்டின் பொருள். இயக்குநர் அம்மா கூட்டம் கூட்டினார். கூட்ட அறையில் வட்ட மேசை, சக்கரம் ஒன்று கழன்ற நாற்காலி, மூலையில் ஒரு பிளாஸ்டிக் செடி. இயக்குநர் அம்மா உறுதியான பெண்மணி. எந்தக் கூட்டத்திலும் முடிவு எடுக்கப்படாமல் போகக்கூடாது என்பதில் கண்டிப்பானவர். முடிவு என்ன என்பதில் அவ்வளவு கண்டிப்பு இல்லை. அவருக்கு வலப்புறம் விமர்சகர். கண்ணை மூடிக்கொண்டு பேசுவார். அப்போதுதான் படைப்பு நன்றாகத் தெரியும் என்பார்.

"இந்த முறை என்ன செய்யப்போறீங்க?" என்று இயக்குநர் அம்மா கேட்டார்.

"மண்ணு" என்றார் வேர்.

விமர்சகர் கண்ணை மூடினார்.

"எந்த மண்ணு?"

"சும்மா கிடக்கிற மண்ணு இல்ல. யாராவது நேசிச்ச மண்ணு. கையால தொட்டுத் தொட்டு வளர்த்த மண்ணு. அந்த மண்ணைக் கூடம் முழுக்கப் பரப்பணும். அதுக்கு நடுவுல வெறுமை. அவ்வளவுதான்."

"நேசிச்ச மண்ணு எங்க கிடைக்கும்? டெண்டர் விடணுமா?"

"வேண்டாம். எங்க அக்கா வீட்டுல இருக்கு."

மறுவாரம் அந்த மண்ணிடம் அனுமதி கேட்கும் நிகழ்ச்சியைப் பதிவு செய்ய நானும் ஒரு கேமராக்காரரும் அவரோடு போனோம்.

அக்கா வீடு ஊரின் ஓரத்தில், தகரக் கூரை போட்ட சின்ன வீடு. வீட்டைவிடப் பெரியது பின்கட்டு. அங்கே அவர் நாற்று வளர்த்து விற்றுக்கொண்டிருந்தார். கத்தரி, தக்காளி, மிளகாய், இன்னும் பேர் தெரியாத பூச்செடிகள். ஓட்டை வாளி, வெட்டிய எண்ணெய் டின், விரிசல் விட்ட வாஷ்பேசின் எல்லாவற்றிலும் ஏதோ ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கணவர் கப்பலில் வேலை பார்ப்பவர், வருடத்தில் பாதிக்கு மேல் கடலில் இருப்பார். அவருடைய பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் சின்ன மண்வெட்டியோடு அக்கா வந்தார். தம்பியை மேலிருந்து கீழே பார்த்தார்.

"செருப்பு எங்கடா?"

"இந்த உடல் செருப்பு போடறதில்ல அக்கா."

"கண்ணாடித் துண்டு கிடக்கும். குத்தினா இந்த உடல்தான் அழணும்."

வேர் நாற்றுகளுக்குள் நடந்தார். பாத்திக்கு நடுவில் மண்டியிட்டார். காதைத் தரையில் வைத்தார். நான் குறிப்பெடுத்தேன். கேமராக்காரர் படமெடுத்தார். பாத்தியில் இருந்த மிளகாய் நாற்றுகளில் ஒரு வரிசை அவர் முழங்காலுக்குக் கீழே இயற்கையோடு கலந்தது.

"நாத்து, நாத்து, எந்திரிடா" என்றார் அக்கா.

வேர் எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுட்டேன் அக்கா. சரின்னுச்சு."

"எது?"

"மண்ணு. என்கூட வர்றேன்னுச்சு. கலைக்கூடத்துக்கு."

"எங்கிட்ட கேட்டியா?"

"நீ உரிமையாளர் இல்ல அக்கா. மண்ணுக்கு யாரும் உரிமையாளர் கிடையாது. நீ பராமரிப்பாளர்."

"அப்ப பராமரிப்பாளர் சொல்றா, முடியாதுன்னு."

அக்கா உள்ளே போய்விட்டார். எனக்கு டீ வந்தது. வேர் வெகுநேரம் சமையலறை வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். இங்கே நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெற்றவர்கள் போன பிறகு அவரை வளர்த்தது இந்த அக்காதான். அவர் கேட்டு அக்கா எதையும் மறுத்துப் பழக்கமில்லை. முதலில் முடியாது என்பார், பிறகு கரண்டியைக் கழுவுவார், கழுவி முடிப்பதற்குள் மனசு இளகிவிடும்.

"எதுத்த வீட்டுக்காரி கேக்குறா, உன் தம்பி என்ன வேலை பார்க்குறான்னு" என்று உள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. "கல்லுகூட பேசுறான்னு சொன்னா, டாக்டர்கிட்ட காட்டினியான்னு கேப்பா. நான் என்னத்த சொல்றது?"

"அதுக்குத்தான் அக்கா சொல்றேன். அவளையும் கூட்டிக்கிட்டு வா. சுவத்துல போட்டிருப்பேன். 'என் அக்காவின் மண்'னு."

கரண்டி கழுவும் சத்தம் நின்றது.

"பெருசாவா?"

"வாசல்ல இருந்தே தெரியும்."

"மழைக்கு முன்னாடி திரும்பி வந்துரணும். மழைக்குத்தான் எல்லாரும் நாத்து கேட்டு வருவாங்க."

"வந்துரும்."

"அப்படியே வரணும்."

"இதைவிட மேலாவே வரும் அக்கா. கலை தொட்ட மண்ணு."

லாரி வந்தது. அக்காவே நின்று எந்தப் பாத்தியை எந்த ஆழம் வரை வெட்டலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கறுப்பாக, ஈரமாக, கையை விட்டால் மணிக்கட்டு வரை உள்ளே போகும் மண். அது லாரியில் ஏற ஏற அவர் கூடவே நடந்தார், ஊருக்குக் கிளம்பும் பிள்ளையோடு வாசல்வரை போவதைப் போல. கடைசியில் பின்கட்டில் ஒரு பள்ளம் மிச்சமிருந்தது. வேர் அந்தப் பள்ளத்தைப் பார்த்துக் கைகூப்பினார். பள்ளம் மறுக்கவில்லை.

கலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்ததும்தான் சிக்கல். மண்ணில் மண்புழு இருந்தது. அதுவும் ஒன்றிரண்டு இல்லை, குடும்பம் குடும்பமாக. இயக்குநர் அம்மா அவசரக் கூட்டம் போட்டார்.

"உயிருள்ள எதையும் காட்சிக்கு வைக்கக்கூடாதுன்னு விதி இருக்கு. கூடம் இது, மிருகக்காட்சி சாலை இல்ல."

"மண்ணுன்னா புழு இருக்கத்தானே செய்யும்" என்றேன். அனுபவக் குறைவு.

விமர்சகர் கண்ணை மூடினார். "புழு பார்வையாளரோட கவனத்தை சிதறடிக்கும். நாம காட்ட வந்தது உயிரோட சாரம். உயிர் இல்ல."

வேர் ஒப்புக்கொண்டார். "இந்த உடலுக்கும் புழுன்னா கொஞ்சம் அருவருப்புதான்."

ஆகவே மண் 'தூய்மைப்படுத்தப்பட்டது'. நகரத்தின் பெரிய ரொட்டித் தொழிற்சாலை ஒன்றின் அடுப்பு வாடகைக்கு எடுக்கப்பட்டு, மண் தட்டுத் தட்டாக உள்ளே போய் நன்றாக வெந்து வெளியே வந்தது. புழுவும் விதையும் வேரும் ஆன்மிக நிலை எய்தின. அன்று அந்தப் பக்கம் போனவர்கள் ஏதோ கருகுகிறது என்றார்கள். பண்பாட்டின் மணம் எல்லாருக்கும் பிடிபடாது.

வெந்த மண் பொடியாகிவிட்டது. ஏசி காற்றில் பறந்து வெள்ளைச் சுவரில் படிந்தது. இயக்குநர் அம்மாவுக்குத் தும்மல். மறுபடியும் கூட்டம், மறுபடியும் முடிவு. மேசை நாற்காலிக்கு அடிக்கும் வார்னிஷைக் குழாய் வைத்து மண் முழுக்கப் பீய்ச்சினார்கள். 'நிலைப்படுத்துதல்' என்று அதற்குப் பெயர். ஓர் இரவில் மண் இறுகிப் பளபளவென்று ஆகிவிட்டது. மேலே போட்டிருந்த விளக்குகள் அதில் தெரிந்தன. வேர் குனிந்து தன் முகத்தை அதில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இப்பதான் மண்ணோட ஆன்மா தெரியுது" என்றார்.

ஜன்னல் விளிம்பில் புறாக்கள் உட்கார்ந்து சத்தம் போடுவதால் அங்கே இரும்பு முள் பதித்தோம். பிறகு, கூடம் ரொம்பவும் அமைதியாக இருக்கிறதே என்று, பறவைச் சத்தத்தை ஒலிப்பெருக்கியில் வைத்தோம். 

மிச்சமிருந்தது என் குறிப்பு. 'என் அக்காவின் மண்' என்று எழுதிக்கொண்டு கூட்டத்துக்குப் போனேன். விமர்சகர் மூக்கைச் சுளித்தார்.

"அக்காங்கறது குடும்ப விவகாரம். யாரோட அக்கா, எங்க இருக்காங்க, பேசிக்கிறாங்களா இல்லையான்னு பார்வையாளர் யோசிக்க ஆரம்பிச்சுருவார். இன்னும் ஆழமா போகணும்."

"அம்மா?" என்றேன்.

"இன்னும்."

"ஆதித் தாய்."

"அது. ஆனா அவங்க உயிரோட இருக்கக்கூடாது. உயிரோட இருந்தா பத்திரிகைக்காரங்க பேட்டி கேப்பாங்க."

வேரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி மூச்சை உள்ளிழுத்தார். அவருக்குள் ஒரு போராட்டம் நடந்தது என்றே நினைக்கிறேன். மூச்சை விடுவதற்குள் அது முடிந்துவிட்டது.

"இந்த உடலுக்குச் சம்மதம்" என்றார்.

அட்டை அச்சாகி வந்தது. 'கருவறை. பொருள்: மண், மௌனம், மறைந்துபோன ஓர் ஆதித் தாயின் நினைவு.' எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன், நல்ல வாக்கியம். மூன்று 'ம' அடுத்தடுத்து வருகிறது.

திறப்பு விழாவுக்கு ஒரு கல்குவாரி அதிபர் தலைமை தாங்கினார். மலைகள்மீது தீராத காதல் கொண்டவர். அவர் காதலித்த மலைகளின் புகைப்படங்கள் அவர் அலுவலகத்தில் இருக்கின்றன. மலைகள் இல்லை. அவர் பேசிக்கொண்டிருக்கும்போது அக்கா வந்தார். நல்ல உடை உடுத்தி, தலைவாரி, எதிர்வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு. வாசலிலேயே நின்று சுவரைப் பார்த்தார். வாசலிலிருந்து தெரியவில்லை. உள்ளே வந்து ஒவ்வொரு சுவராகத் தேடினார். கடைசியில் என் அட்டைக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைக் கண்டு பக்கத்தில் வந்தார்.

"தம்பி, நீங்கதானே அன்னிக்கு டீ குடிச்சது. இது என் மண்ணுதானே?"

"ஆமாங்கம்மா."

"அப்ப இந்த ஆதித் தாய் யாரு?"

"நீங்கதாம்மா."

"மறைந்துபோனன்னு போட்டிருக்கு. நான் எப்ப செத்தேன்?"

"அது சாவு இல்லம்மா. ஒரு ஆழம்."

எதிர்வீட்டுக்காரி என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் வேர் வந்துவிட்டார்.

"அக்கா, உன்னைச் சின்னதா காட்ட எனக்கு மனசு வரலை. உலகத்துக்கே தாயா ஆக்கியிருக்கேன்."

"எனக்கு உலகம் வேணாம்டா. உனக்கு அக்காவா இருந்தா போதும்னுதானே கேட்டேன். நேத்துகூட போன் பண்ணினேனே, அப்ப சொல்லியிருக்கலாம்ல, நீ செத்துட்டேன்னு."

அவர் குரல் உயரவில்லை. குரல் உயராமல் பேசுகிறவர்களிடம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வெல்வெட் கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். காவலாளி ஓடினார். அக்கா குனிந்து ஒரு கட்டியைப் பெயர்த்து எடுத்து உள்ளங்கையில் வைத்து நசுக்கினார். நசுங்கவில்லை. மூக்கருகே கொண்டுபோனார். தரையில் தட்டிப் பார்த்தார். ஓடு மாதிரி சத்தம் வந்தது.

"என்னடா பண்ணின இதை?"

"நிலைப்படுத்தியிருக்கோம் அக்கா."

அக்கா அப்படியே அந்த மண்மேல் உட்கார்ந்துவிட்டார். கட்டியை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தார், தேய்த்தால் பழையபடி ஆகிவிடும் என்பதைப் போல. கண்ணீர் தானாக வழிந்தது. ஒலிப்பெருக்கியில் குயில் கூவியது.

முதலில் கைதட்டியது யார் என்று தெரியவில்லை. விமர்சகராகத்தான் இருக்க வேண்டும், கண்ணை மூடியிருந்தார். பிறகு கூடமே கைதட்டியது. செல்போன்கள் உயர்ந்தன. "நிகழ்த்து கலை, நிகழ்த்து கலை" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். கல்குவாரி அதிபர் கைக்குட்டையை எடுத்தார். வேர் ஒரு நொடி திகைத்தார். ஒரு நொடிதான். மேதைகள் தடுமாறும் நேரம் அவ்வளவே. கயிற்றைத் தாண்டிப் போய் அக்காவின் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டார்.

"தலைய எடுடா" என்றார் அக்கா.

கைதட்டல் அதிகமானது.

"எடுடான்னு சொல்றேன்ல."

அவர் தலையைத் தள்ளிவிட்டு எழுந்து, உடையைத் தட்டிக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். தட்டியதில் ஒரு துளி மண்கூட உதிரவில்லை. வார்னிஷ் நல்ல தரம். மறுநாள் பத்திரிகைகள் 'மண்ணும் மகளும்: உலுக்கிய நிகழ்வு' என்று எழுதின. இயக்குநர் அம்மா கண்காட்சியை நீட்டித்தார்.

நீட்டித்ததில் மழை முந்திக்கொண்டது. அக்கா தினமும் கலைக்கூடத்துக்குப் போன் செய்தார். இயக்குநர் அம்மா அந்த அழைப்புகளை எனக்கு மாற்றிவிடுவார், உணர்வுகளைக் கையாள்வது என் துறை என்று.

"என் மண்ணு எப்ப வரும்?"

"பார்வையாளர்கள் இன்னும் வந்துகிட்டே இருக்காங்கம்மா."

"எனக்கு நாத்து வாங்க வந்தவங்க திரும்பிப் போய்கிட்டே இருக்காங்க."

ஒருவழியாக மண் திரும்பிப் போனது. லாரிக்காரர் பலகை பலகையாகப் பின்கட்டில் கொட்டிவிட்டுப் போனார். அக்கா கடப்பாரையால் உடைத்தார். உடைந்தது, ஆனால் கரையவில்லை. மேலே தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் மேலேயே நின்றது. எங்கிருந்தோ சாணமும் சருகும் கொண்டுவந்து கலந்து பார்த்தார். விதை போட்டார். முளைக்கவில்லை. மறுபடி போட்டார். மழை பெய்து ஓய்ந்தது. பலகைகளின் மேல் குட்டை குட்டையாகத் தண்ணீர் மின்னியதுதான் மிச்சம். நாற்று வாங்குகிறவர்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அக்கா ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். யாரோ படுத்து எழுந்த வெள்ளை விரிப்புகளை மடித்து அடுக்கும் வேலை. கை விரல்களில் எப்போதும் கறுப்பாக இருந்த நகக்கண்கள் சுத்தமாகிவிட்டன.

வேர் சும்மா இருக்கவில்லை. அக்காவோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு பெரிய விருதுக்கான நேர்காணலில் 'குடும்பத்தோடு உங்கள் உறவு' என்று ஒரு கேள்வி இருந்ததும் காரணமாக இருக்கலாம். என்னையும் கேமராக்காரரையும் கூட்டிக்கொண்டு போனார். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

வேர் நேராகப் பின்கட்டுக்குப் போனார். போனவர் அப்படியே நின்றுவிட்டார். உடைந்து கிடந்த பலகைகள், நடுநடுவே தேங்கிய தண்ணீர், காலி டின்கள், ஒரு புல்கூட இல்லாத பாத்திகள். சாயங்கால வெயிலில் எல்லாம் பளபளத்தன. அவர் கண்ணில் நீர் திரண்டது. மனிதர் உணர்ந்துவிட்டார், காலில் விழப்போகிறார் என்றே நினைத்தேன்.

"அக்கா" என்றார் தழுதழுத்த குரலில். "எதையும் தொட்டுராத. இது இப்படியே இருக்கட்டும். இந்த உடல் இதுவரை பண்ணினதிலேயே பெரிய படைப்பு இதுதான்."

அக்கா சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தார்.

"இதுவா?"

"இதேதான். 'தரிசு'ன்னு பேர் வைக்கப்போறேன். ஜனங்க இங்கயே வந்து பார்ப்பாங்க. கலைக்கூடமே வேலி போட்டுப் பாத்துக்கும். இதுலயும் நீ மறுக்கமாட்டேன்னு தெரியும்."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஏதாவது தெரிகிறதா என்று வெகுநேரம் தேடிய மாதிரி இருந்தது. பிறகு அந்தப் பார்வையை எடுத்துவிட்டார். இனி அந்த முகத்தில் தேட அவருக்கு எதுவும் இல்லை என்பது எனக்கே விளங்கியது. வேருக்கு விளங்கவில்லை. அவர் வெளிச்சம் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, வச்சுக்க" என்றார் அக்கா. "ஆனா அந்த அட்டையில என்ன எழுதணும்னு நான் சொல்லுவேன். அந்தப் புள்ள அதை அப்படியே எழுதணும். ஒரு எழுத்து மாத்தக்கூடாது."

'அந்தப் புள்ள' நான்தான். வேர் உடனே சம்மதித்தார். பராமரிப்பாளரின் குரலும் படைப்பில் ஒலிப்பது புதுமை என்றார். அக்கா வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ஒரு கண்ணைத் தெருவில் வைத்தபடி சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன். "ம்" என்றுவிட்டு பஸ் ஏறிவிட்டார். தம்பியிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

கூட்டத்தில் அந்தக் குறிப்பை வாசித்தபோது விமர்சகர் முதன்முறையாகக் கண்ணைத் திறந்துகொண்டு பேசினார். "கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இருக்க முடியாது" என்றார். இயக்குநர் அம்மா அதைப் பித்தளையில் பொறிக்க முடிவு எடுத்தார். வேர் அதைப் படித்துவிட்டுக் கண் கலங்கினார். "அக்கா கடைசியில என்னைப் புரிஞ்சுக்கிட்டா" என்றார். விருது அவருக்கே கிடைத்தது. விருதுக் குழுவின் பாராட்டுரையிலும் அந்த வரிகளையே முழுமையாக எடுத்துப் போட்டிருந்தார்கள். இயற்கை, ஆன்மா, பண்பாடு மூன்றையும் கரைத்துக் குடித்தவர்கள் அத்தனை பேரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இத்தனை காலம் குறிப்பு எழுதிக் காலம் தள்ளிய எனக்கு அதில் சேர்க்கவோ நீக்கவோ எதுவும் இருக்கவில்லை. அந்த வீட்டு வேலியில், வாசலிலிருந்தே தெரியும் அளவுக்குப் பெரிய எழுத்தில், அது இப்படி இருக்கிறது:

'இங்கே போட்டதெல்லாம் முளைத்துக்கொண்டிருந்தது. இப்போது எதைப் போட்டாலும் முளைக்காது. இதில் இயற்கையின் பங்கு எதுவும் கிடையாது. முழுக்க முழுக்க என் தம்பி செய்தது.'